எலி வளையும் சட்டப் புத்தகமும்

நெல் அறுத்த கையோடு எலி பிடித்தாக வேண்டும். தாள் காய்ந்து, மாடு மேய்ந்து, வரப்பு இடிந்த பிறகு எலி வளை எது, நண்டுப் பொந்து எது என்று பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. உத்திரமேரூர் வட்டத்தில் மானாம்பதியைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த வேலைக்கு இருளர் பழங்குடியினரைத்தான் கூப்பிடுவார்கள். "ஏம்பா, நாளைக்கு நம்ம கழனிப் பக்கம் வந்துட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் விடிகிற நேரத்தில் கடப்பாரை, மண்சட்டி, சாக்குப்பையோடு ஒரு குடும்பமே வரப்பில் நிற்கும்.

வந்ததும் தோண்ட ஆரம்பிக்க மாட்டார்கள். முதலில் வரப்பைச் சுற்றி நடப்பார்கள். புதுமண் தள்ளிய வாய் எது, கைவிட்ட வாய் எது, ஆபத்து வந்தால் முட்டிக்கொண்டு வெளியேற எலி மெல்லிய மண்ணால் மூடிவைத்திருக்கும் வாசல் எது என்று பார்த்துக்கொள்வார்கள். ஒன்றை விட்டு மற்றவற்றைச் சேறு வைத்து அடைப்பார்கள். அடியில் சிறு ஓட்டை போட்ட சட்டியில் வைக்கோலும் தழையும் திணித்துப் பற்றவைத்து, அதை வளையின் வாயில் கவிழ்த்து, ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார்கள். புகை உள்ளே பரவியதும் தோண்டிக்கொண்டு போனால் மயங்கிய எலிகள் கிடைக்கும். வளையின் கோடியில் எலி கதிர்கதிராகச் சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். எலி குழம்புக்கு ஆகும், நெல் கஞ்சிக்கு ஆகும், கழனிக்காரருக்கு அடுத்த போகம் மிஞ்சும். ஊதி ஊதி உதடும் விரலும் வெந்தது, நெஞ்சில் புகை தங்கி இருமல் நிற்காமல் போனது இதெல்லாம் யார் கணக்கிலும் ஏறவில்லை.

எலியோடு நிற்கவில்லை அவர்களுடைய வேட்டை. கண்ணி வைத்துக் கவுதாரியும் காடையும் பிடித்தார்கள். ஏரி வற்றும் காலத்தில் மடையானும் கொக்கும் வலையில் விழும். புற்றுக்குப் புற்று உடும்பு தேடினார்கள். மழைக்காலத்தில் ஈசல் பிடித்து வறுத்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே பாம்பு. மண்ணில் விழுந்திருக்கும் ஒரு கோட்டைப் பார்த்து, போனது சாரையா நல்ல பாம்பா, போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று சொல்லக்கூடிய மனிதர்கள் அவர்கள். அந்த அறிவு பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. பசி கற்றுக்கொடுத்தது.

இந்த வேட்டையை வெள்ளைக்காரர் காலத்து வேட்டைச் சட்டங்கள் எப்படிப் பார்த்தன? பார்க்கவே இல்லை என்பதுதான் பதில்.

சென்னை மாகாணத்தின் பழைய வேட்டைச் சட்டங்களைப் புரட்டினால் அவை யாருக்காக எழுதப்பட்டவை என்பது வெளிச்சமாகத் தெரியும். 1873-இல் காட்டு யானைகளைக் காக்க ஒரு மாகாணச் சட்டம் வந்தது. 1879-இல் நீலகிரிக்கு என்றே, அந்த ஒரு மலைப் பகுதிக்கு மட்டும், வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1877-இல், நீலகிரியில் வேட்டைச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். துப்பாக்கியும் குதிரையும் வைத்திருந்த துரைமார்களின் சங்கம் அது. கடமானும் வரையாடும் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்தன. இப்படியே போனால் அடுத்த பருவத்துக்குச் சுட எதுவும் மிஞ்சாதே என்ற கவலை அவர்களுக்கு வந்தது. குட்டி போடும் மாதங்களில் சுடக்கூடாது, மற்ற மாதங்களில் உரிமம் வாங்கிச் சுடலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதனால் வரையாடு பிழைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உரிமக் கட்டணம் கட்ட முடிந்தவர் வேட்டைக்காரர் ஆனார். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்து, கட்டணம் கட்ட வழியில்லாதவர் திருடர் ஆனார். பிற்பாடு வந்த எல்லா வேட்டைச் சட்டங்களின் அடியிலும் இந்தப் பிரிவினை கிடக்கிறது.

1912-இல் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்தப் பறவை, விலங்குக்கு எந்த மாதங்களில் வேட்டை கூடாது என்று அறிவிக்கும் அதிகாரம் அந்தந்த மாகாண அரசுக்குக் கிடைத்தது. அட்டவணையில் மயில் இருந்தது. கவுதாரி, காடை, வாத்து, கொக்கு, மீன்கொத்தி, மான், முயல் எல்லாம் இருந்தன. பாம்பு இல்லை, உடும்பு இல்லை. அந்தக் காலத்தில் புலியையும் பாம்பையும் கொன்று கொண்டுவந்தால் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. துரை சுட விரும்பியதற்குப் பாதுகாப்பு, துரை அஞ்சியதற்கு விலை. இருளர் இந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. அதனால்தான் சட்டம் நடைமுறையில் இருந்தும் அவர்கள் பாட்டுக்கு வேட்டையாடிக்கொண்டு காலம் தள்ள முடிந்தது.

ஒரே ஒரு பழைய விதியை மட்டும் இந்த வரிசையிலிருந்து தனியே எடுத்துவைக்க வேண்டும். உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே, அடுத்த வட்டத்தில் வேடந்தாங்கல். ஏரி மரங்களில் வந்து தங்கும் பறவைகளை அங்கிருந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் கழனிக்குத் தனி உரம் வேண்டியதில்லை என்பது அவர்கள் கண்ட உண்மை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், அந்தப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஊராருக்குக் கவுல் என்னும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1858-இல் அதை மறுபடி உறுதிசெய்து வாங்கினார்கள். நீலகிரிச் சட்டத்துக்கு 81 ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டைத் தடை இது. கேட்டு வாங்கியவர்கள் உழவர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏரி வாரியம் வைத்து, அதன் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூர்ச் சீமையில் இது நடந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஊர் தானே வகுத்துக்கொண்ட விதிக்கு ஊரே காவல் நிற்கும். வேடந்தாங்கல் 1998-இல் சட்டப்படி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022-இல் பக்கத்துக் கரிக்கிலியோடு சேர்ந்து சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் ஆர எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்க 2020-இல் முயற்சி நடந்தபோது எழுந்த எதிர்ப்பின் வேர் அந்தக் கவுலில் இருக்கிறது.

மாகாண விதிகளின் காலம் 1972-இல் முடிந்தது. அதுவரை காட்டுயிர்ப் பாதுகாப்பு மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்தது. 11 மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டதன் பேரில் நாடாளுமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அந்த 11-இல் தமிழ்நாடு இல்லை; பின்னால்தான் ஏற்றுக்கொண்டது. இந்தச் சட்டத்தின் கடைசிப் பிரிவு 66. இதோடு மோதுகிற அல்லது இது பேசுவதையே பேசுகிற மாநிலச் சட்டங்கள் அந்த அளவுக்கு நீங்கிப்போகும் என்பது அதன் சாரம். நீலகிரிக்கு ஒன்று, யானைக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று என்று நூறாண்டுகளாகச் சேர்ந்த வேட்டை விதிகள் அந்த ஒரு பிரிவோடு காலாவதியாயின.

அவை போக வேண்டியவைதான். துரைமார்களின் பொழுதுபோக்குக்காக எழுதிய விதிகளைச் சுதந்திர நாடு கட்டிக்காக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. புதிய சட்டத்தின் நோக்கமும் உயர்ந்தது. சுடுவதற்காகக் காப்பது என்பதை விட்டு, உயிர் என்பதற்காகவே காப்பது என்ற இடத்துக்கு அது வந்தது. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டை என்று வரையறுத்தது. ஆனாலும் முதல் இருபது ஆண்டுகளுக்கு உரிமம் வாங்கி வேட்டையாட அந்தச் சட்டத்திலேயே இடமிருந்தது. பெரிய வேட்டைக்கு ஓர் உரிமம், சிறிய வேட்டைக்கு ஓர் உரிமம் என்று வகைவகையாக இருந்தது. விண்ணப்பம் எழுதி, கட்டணம் கட்டி, பிடித்ததற்குப் பதிவேடு வைக்க எந்த இருளரால் முடிந்திருக்கும்? 1991-இல் வந்த திருத்தம் அந்த உரிமங்களையும் எடுத்துவிட்டது.

66-க்கு முந்தைய பிரிவு என் மனத்தை விட்டு அகலவில்லை. நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு 1967-ஆம் ஆண்டு அறிவிக்கையால் கிடைத்த வேட்டை உரிமையை இந்தச் சட்டம் தொடாது என்கிறது 65-ஆம் பிரிவு. வேட்டையை நம்பி வாழும் மக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு விலக்கு வேண்டும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கடல் கடந்த தீவு கண்ணில் பட்டிருக்கிறது. இருளர் வாழும் செங்கல்பட்டுச் சீமை படவில்லை. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டமும் பழங்குடியினரின் பல மரபுரிமைகளை ஏற்றுக்கொண்டு, வேட்டை உரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கி வைத்தது. விலக்கியதுகூட எனக்குப் புரிகிறது. விலக்கிய இடத்தில் பிழைப்புக்கு என்ன வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

பாம்பில் மட்டும் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. 1972-க்கு முன்பு இருளர்கள் பாம்பு பிடித்தது பெரும்பாலும் தோலுக்கு. சாரையும் நல்ல பாம்பும் லட்சக்கணக்கில் தோலுரிக்கப்பட்டு, பையாகவும் செருப்பாகவும் வெளிநாடு போயின. வியாபாரி கொடுத்த காசு சொற்பம். பாம்பு ஒழிந்த இடத்தில் எலி பெருத்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி அடியோடு தடைசெய்யப்பட்டதும் அந்தச் சொற்ப வருமானமும் நின்றது. சென்னைப் பாம்புப் பண்ணையை உருவாக்கிய ராமுலஸ் விட்டேகர் இருளர்களோடு புற்று தேடி அலைந்து பழகியவர். பாம்பைக் கொல்லாமல் அதன் விஷத்தை விற்கலாம் என்ற யோசனை உருப்பெற்று, 1978-இல் இருளர் பாம்புப் பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இன்றும் அது நடக்கிறது. 1972 சட்டத்தின் 12-ஆம் பிரிவு, உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்க அனுமதி கொடுக்கலாம் என்கிறது. தடைசெய்த அதே சட்டத்தில் இருந்த அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் இருளர்கள் திரும்ப உள்ளே வந்தார்கள்.

அங்கே நடப்பதை ஒருமுறையாவது எல்லோரும் பார்க்க வேண்டும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகை. கொண்டுவந்த பாம்பை மண் பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டிவைக்கிறார்கள். விஷம் எடுக்கும் நாளில் பானையிலிருந்து வெளியே விட்டு, கம்பியால் தலையை நிதானப்படுத்தி, இரண்டு விரலில் கழுத்தைப் பிடிக்கிறார்கள். மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியை நீட்டியதும் பாம்பு கடிக்கிறது. மஞ்சளாகச் சில துளி இறங்குகிறது. வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு முறை எடுத்த பின், வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி, காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். விட்ட பாம்பையே மறுபடி பிடித்துவிடாமல் இருக்க அந்த அடையாளம். நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்யப் போகும் விஷத்தில் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்து போவதுதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பாலோர் கழனியிலும் கொல்லையிலும் வேலை செய்தவர்கள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் யாருக்காவது ஊசி போட்டுப் பிழைக்க வைத்தால், அதற்குள்ளே இருளர் ஒருவரின் இரண்டு விரல் நிதானம் இருக்கிறது.

2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் மலைப்பாம்புகளைச் சமாளிக்க முடியாமல் திணறியது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் வரவழைத்தார்கள். அவர்கள் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் செய்தி வந்த நாளில் இருளர் குடியிருப்புகளில் இருந்த மகிழ்ச்சி உண்மையானது, நியாயமானது.

ஆனால் சங்கத்தில் உறுப்பினர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி வேண்டும். அது வரத் தாமதமானால் பானைகள் காலியாகக் கிடக்கும். மானாம்பதி, பெருநகர் ஊர்களில் இருக்கும் ஆயிரக்கணக்கான கைகளுக்கு அந்த வாசல் போதாது. வேட்டை போனதும் அவர்களிடம் விற்க மிச்சமிருந்தது உடலுழைப்பு ஒன்றுதான். செங்கல் சூளைக்கும், அரிசி ஆலைக்கும், சவுக்கு வெட்டவும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போனார்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகள் என்று மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படம் பத்திரிகைகளில் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து அப்போது 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. காட்டில் ஒரு முயலை எடுத்தால் குற்றமென்று கண்டுபிடிக்கத் தெரிந்த அரசுக்கு, சூளையில் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடப்பது தெரியாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

நரிக்குறவர்களின் கதையும் பக்கத்துக் கதைதான். நாட்டுத் துப்பாக்கியும் கண்ணியுமாக வாழ்ந்தவர்கள், ஊசிமணி பாசிமணி விற்க நகரத்துப் பேருந்து நிலையங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது 2023 ஜனவரியில். வேட்டையை இழந்த பின் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இருளர்கள் அந்தப் பட்டியலில் இருந்தும் சாதிச் சான்றுக்காக வருவாய்த் துறை அலுவலகத் திண்ணையில் காத்துக் கிடப்பது இன்னும் ஓயவில்லை.

வனவிலங்குச் சட்டம் மறுபடியும் மாறியிருக்கிறது. 2022-இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு அட்டவணைகள் நான்காகச் சுருங்கின. காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி என்று தீங்குயிர்களைப் பட்டியலிட்ட ஐந்தாம் அட்டவணை நீக்கப்பட்டது. பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்ந்தது. அந்த ஒரு லட்சம் பங்களா வேட்டைக்காரருக்கு ஒரு தொகை, கவுதாரிக் கண்ணியோடு பிடிபடுகிறவருக்கு ஆயுள் கடன்.

கழனியும் மாறிவிட்டது. அறுவடை இயந்திரம் வந்து அரைமணியில் அறுத்துப் போட்டுவிட்டுப் போகிறது. எலிக்கு மருந்து வைக்கிறார்கள். மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தை சாகிறது, சாரை சாகிறது. உயிரோடு இருந்தால் அந்த ஆந்தையும் சாரையும்தான் எலியைக் கட்டுக்குள் வைத்திருக்கும். வாயால் ஊதும் சட்டிக்குப் பதிலாகக் கையால் சுற்றும் எஃகுப் புகைக் கருவி ஒன்றைச் சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று உருவாக்கி, 2003-இல் உலக வங்கியின் பரிசும் பெற்றது. உதடு வேகாமல் எலி பிடிக்க வழி வந்துவிட்டது. கூப்பிடுகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

மறுபக்கம் காட்டுப்பன்றி. உத்திரமேரூர் வட்டத்தில் வேர்க்கடலை போடுகிறவர் இரவில் கொல்லையிலேயே படுக்க வேண்டியிருக்கிறது. ஒரே இரவில் அரை ஏக்கர் உழுதுபோட்டது போல ஆகிவிடும். ஆத்திரத்தில் திருட்டு மின்சாரம் இழுத்து வேலியில் கொடுக்கிறவர்கள் உண்டு. அதில் பன்றியோடு மனிதரும் செத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இதற்கொரு முறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். ஒரே மாநிலத்துக்குள் இடத்துக்கு இடம் மாறும் வேட்டை விதி அரை நூற்றாண்டுக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறது. இம்முறை உழவருடைய கஷ்டத்தைப் பார்த்து வந்திருப்பதால் வரவேற்கிறேன்.

உடும்பையும் கவுதாரியையும் மறுபடி பிடிக்க விடுங்கள் என்று இருளர்களுக்காக நான் வாதாடவில்லை. அந்தக் கதவு மூடியது மூடியதாகவே இருக்கட்டும். பாம்புக்கு 12-ஆம் பிரிவில் செய்ததைப் போல மற்ற இடங்களிலும் செய்யலாம் என்பதுதான் என் கோரிக்கை. எலி பிடிக்க எந்தச் சட்டமும் தடையில்லை. சம்பா அறுவடை சமயத்தில் ஊராட்சியும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து, புகைக் கருவி கொடுத்து, நாள் கூலி வைத்து, மருந்துக்குப் பதில் ஆளை இறக்கலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் எல்லையில் பன்றியைப் பிடித்து விட வேண்டுமென்றால், தடம் பார்த்து எந்த வழியாக வரும், எங்கே கூண்டு வைக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்களை வனத்துறை வெளியூரில் தேட வேண்டியதில்லை. மழை பிடித்துச் சூளை நிற்கும் மாதங்களில் அவர்கள் மானாம்பதிக்குத் திரும்பி வந்து வேலையில்லாமல் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் முன்பணம் கொடுக்க சூளைத் தரகர் வருவதற்கு முன்னால் அரசு அவர்கள் வாசலுக்குப் போக வேண்டும்.